கடைப் போனுக்கு வரும் இலக்கம்

அம்பிட்டிய
2025 ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் இருக்கும் பிரேமிளா அக்காவுக்குக்கூடக் காட்டவேண்டாம். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வாசித்ததும் கிழித்துவிடு.

உன் இருமல் நின்றுவிட்டதா? அங்கே வெயில் கொஞ்சம் தணிந்ததா? இங்கே அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் சுகம். எல்லாரும் படுத்த பிறகு, பரீட்சைக்குப் படிப்பதுபோல் கணிதப் புத்தகத்தை விரித்து அதற்குள் தாளை வைத்து எழுதுகிறேன். யாராவது இருமினால் புத்தகத்தை மூடிவிடுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அம்மாவின் போன் பழுதானதிலிருந்து வீட்டில் அப்பாவின் போனும் அண்ணனின் போனும்தான். அப்பா உன்னோடு பேசும்போது கல்லாவில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார். பேக்கரிப் பாண் வாங்க வந்தவர்கள்கூட உனக்கு ஹலோ சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் இதை எப்படிச் சொல்வேன்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கல்லாவில் இருந்து தன் போனில் உன் பல்கலைக்கழகக் கணக்கைத் திறந்தார். கடவுச்சொல் அவருக்குத் தெரியும்தானே. நீ சேர்ந்த நாளில் கம்ப்யூட்டர் இருக்கும் கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து அதைப் போட்டு, அப்பாவின் நம்பரையும் கொடுத்தவரே அவர்தான். வழக்கம்போல, உள்ளே போகக் கேட்கும் ஆறு இலக்கம் அப்பாவின் போனுக்கு வந்தது. போன் கல்லாவிலேயே கிடந்தது. அண்ணன் பார்த்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் எதையோ அழுத்தினார். பிறகு அப்பாவிடம் சொன்னார்:

"முடிச்சாச்சுப்பா. மூணு வருசப் பொதுப் பட்டம். முடிச்சிட்டு வந்தா பக்கத்துல ஒரு ஸ்கூல்ல வேல கெடைக்கும்."

"அவ கேட்டது அதுதானா?" என்று அப்பா கேட்டார்.

"வேற என்னத்தக் கேக்கப் போறா."

நீ கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும். சித்திரை லீவில் வந்தபோது நாலு வருசச் சிறப்புப் பட்டம், புவியியல், ஆற்றங்கரைகளை அளக்கப் போவது என்று படுக்கையில் இரவெல்லாம் சொன்னாயே. நான் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உன் கணக்கைத் திறந்து பார். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் பயந்த தங்கச்சி
சுபாஜினி


விடுதி
2025 ஜூன் 19

என் அன்புத் தங்கச்சி சுபாவுக்கு,

உன் கடிதம் பத்திரமாகக் கிடைத்தது, கிழித்தும் ஆயிற்று. இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி? அதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்வதில்லை.

இனி என் கடிதங்கள் இப்படித்தான் வரும், கடந்தகால வினாத்தாள் கட்டுக்குள். சாதாரண தரப் பரீட்சை வினாத்தாளை அண்ணன் சும்மா கொடுத்தாலும் திறந்து பார்க்கமாட்டார். விஞ்ஞானத் தாள்களை நிஜமாகவே செய்துபார், அவை நல்லவை.

நீ சொன்னது சரி. பீடத்தில் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்கு நேரே பொதுப் பட்டம் என்று இருக்கிறது. புவியியல் சிறப்புப் பட்டத்துக்கு என் புள்ளிகள் போதும், தகுதியானவர்களின் பட்டியலில் என் பெயரும் இருந்தது. நான் அடுத்த நாள் தெரிவு செய்யலாம் என்று இருந்தேன், அண்ணன் முந்திக்கொண்டார். செப்டம்பர் இரண்டாம் வாரம் திருத்தத்துக்குத் திறப்பார்களாம். அதற்குப் பிறகு யார் சொன்னாலும் மாற்றமுடியாது.

உன் கடிதம் கிடைத்த அன்று மாலையே கடைக்குப் போன் எடுத்தேன், நீ வகுப்புக்குப் போயிருந்தாய். நான் கேட்கத் தொடங்கியதும் அண்ணன் போனை வாங்கிக்கொண்டார். "நாலாவது வருசம் காடு மேடெல்லாம் சுத்துறதுக்கா ஒன்ன அனுப்பினோம்?" என்றார். பிறகு ஒரு சட்டமும் போட்டார். இனி எனக்கு இலக்கம் வேண்டுமென்றால், அவர் கடையில் இருக்கும்போது, அது எதற்கு வந்திருக்கிறது என்று அவர் வாசித்த பிறகுதான் அப்பா சொல்லவேண்டுமாம். இப்போது நேர அட்டவணை பார்க்கக்கூட அவரிடம் கெஞ்சவேண்டும்.

ஆனால் வழி இருக்கிறது, பயப்படாதே. கடவுச்சொல் ஒரு பூட்டு. போனுக்கு வரும் இலக்கம் இரண்டாவது பூட்டு. கடவுச்சொல்லை மட்டும் நான் மாற்றினால், 'மறந்துவிட்டது' என்று அழுத்தி அப்பாவின் போன் வழியாக அண்ணன் மறுபடி உள்ளே வந்துவிடுவார். அதனால் அப்பாவின் நம்பரை எடுத்துவிட்டு, என் போனிலேயே இலக்கம் காட்டும் செயலியைப் போடவேண்டும். நம்பரை எடுக்கும் பக்கத்தைத் திறக்கவும் அந்த நம்பருக்கே ஓர் இலக்கம் வரும். அந்த ஒரே ஓர் இலக்கம் எனக்குக் கிடைத்தால் போதும். பத்து நிமிடத்தில் அது செத்துவிடும் என்பதால் கடிதத்தில் அனுப்பமுடியாது.

யோசித்து எழுது. உன்னால் முடியாவிட்டால் முடியாது என்று எழுது, கோபிக்கமாட்டேன்.

அன்புடன்
அக்கா


அம்பிட்டிய
2025 ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே மழை, ஆனாலும் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்காலில் எண்ணெய் போட்டுவிடுகிறேன்.

என்னால் முடியும். முடியாது என்று எழுதுவதற்குத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தபோது அந்த எழுத்து எனக்கே பிடிக்கவில்லை.

புதன்கிழமைகளில் அண்ணன் சாமான் எடுக்க டவுனுக்குப் போய்விடுவார். அப்பா மத்தியானம் சாப்பிட்டுப் படுப்பார். நான் ஸ்கூல் விட்டு வந்து கல்லாவில் இருப்பேன். ஜூலை 16ஆம் திகதி பின்னேரம் மூன்று மணிக்கு நீ இலக்கத்தைக் கேட்டு அழுத்து. நான் பார்த்துக்கொண்டு என் வகுப்பு ரிப்காவின் வீட்டுக்கு ஓடி, அவளுடைய உம்மா பாயிஸா ஆன்ட்டியின் போனிலிருந்து உனக்கு எடுக்கிறேன். அப்பாவின் போனிலிருந்து எடுக்கமுடியாது. யார் யாருக்குப் பேசியிருக்கிறது என்று அண்ணன் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார்.

ரிப்காவிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. அக்காவுக்கு அவசரமாக ஒன்று சொல்லவேண்டும் என்று மட்டும் சொன்னேன். "ஒனக்கு என்ன பயம், நான் ஈக்கிறேன்தானே" என்றாள்.

பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிறேன். விஞ்ஞானத்தில் இரண்டாம் இடம்.

உன்
சுபா


விடுதி
2025 ஜூலை 7

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம்தானே? நானும் சுகம். இரண்டாம் இடம் போதாது, முதலாம் இடம் யாருக்கு?

16ஆம் திகதி சரி. போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். இலக்கத்தைத் தாளில் எழுதாதே, மனதில் வைத்துக்கொள். ஓடும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே போ. படிக்கட்டில் வழுக்கும், கவனம்.

அம்மாவுக்கு முத்தம்.

அக்கா


அம்பிட்டிய
2025 ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும். இங்கே எல்லாரும் சுகம்.

நீ காத்துக்கொண்டு நின்றிருப்பாய். மன்னித்துவிடு. இலக்கம் வந்தது. மறந்துவிடுமோ என்று பயந்து உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு ஓடினேன். பாயிஸா ஆன்ட்டி தொழுதுகொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை நின்றேன். பிறகு பார்த்தால் போனில் ரீலோட் காசு இல்லை. ரிப்கா கடைக்கு ஓடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நீ மறுபடி அழுத்தியிருப்பாய்போல, இரண்டாவது இலக்கமும் கடைப் போனுக்கு வந்திருக்கிறது. அந்த நேரம் அண்ணன் டவுனிலிருந்து வந்துவிட்டார்.

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து யோசிக்காதே. நெட்போல் விளையாடும்போது விரல் மடங்கிவிட்டது. இனிக் கொஞ்ச நாளைக்கு ரிப்கா வீட்டுக்குப் போவதில்லை. ஸ்கூல் விட்டு நேரே வீட்டுக்கு வருகிறேன். படிக்க நிறைய இருக்கிறது.

வினாத்தாள் அனுப்பு.

சுபா


விடுதி
2025 ஆகஸ்ட் 11

அன்புத் தங்கச்சிக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்துவிட்டேன். பெரஹரா ஊர்வலம் முடிந்து சாலைகள் திறந்திருக்கும். அம்மா, அப்பா சுகமா? உன் விரல் எப்படி?

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். நீ நெட்போல் விளையாடுவதில்லை சுபா. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு விலகுகிறவள் நீ.

எதுவும் சொல்லவேண்டாம். ஆனால் இத்தோடு இது போதும். பொதுப் பட்டமும் பட்டம்தான். பிரேமிளாவும் அதைத்தான் செய்கிறாள், அவள் அழவில்லை. உன்னை அடிபட வைத்து நான் ஒரு படிப்புப் படிக்கத் தேவையில்லை. இனி அந்தப் போனைத் தொடாதே. அண்ணன் சொல்கிறபடி நடந்துகொள், பரீட்சை முடியட்டும்.

இந்த முறை கணிதத் தாள்கள் மட்டும் வைத்திருக்கிறேன்.

அக்கா


அம்பிட்டிய
2025 ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இரு. இங்கேயும் சுகம். விரல் நேராகிவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். இலக்கம் எழுதிய கையைத் திறக்கச் சொன்னார் அண்ணன், நான் மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இனி அதைப் பற்றிக் கேட்காதே. அம்மாவுக்குத் தெரியாது.

நீ விட்டுவிடு என்று எழுதியதை நான் ஏற்கவில்லை. அண்ணன் போன கிழமை சொன்னார், நான் உயர்தரத்தில் வர்த்தகம்தானாம், விண்ணப்பத்தையும் அவரே போடுவாராம். அதற்கும் அதே நம்பர்தான். நீ இப்போது விட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பேன்? உனக்காக மட்டும் செய்கிறேன் என்று நினைக்காதே.

ஒன்று நடந்தது, அதைக் கேள். ரிப்காவின் வாப்பா சாஹுல் ஹமீது மாமா பக்கத்துத் தையல் கடையிலிருந்து தினமும் பாண் நேரத்துக்கு வருவார்தானே. சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள். அவர் கேட்டார்:

"என்ன மொதலாளி, இப்ப மகள்ட நம்பர் கூப்புட்ற சத்தமே இல்ல. புள்ள படிப்ப உட்டுட்டாவா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பாணைத் தாளில் சுற்றியபடியே, "அதெல்லாம் படிக்கிறா, படிக்கிறா" என்றார். பிறகு ஒரு ஆளுக்கு மிச்சக் காசு கொடுக்கவும் மறந்துவிட்டார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, முதல் வருசம் நீ இலக்கம் கேட்கும்போதெல்லாம் அப்பா எப்படி வாசிப்பார் என்று? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூரமாகப் பிடித்து, இரண்டு இரண்டாக, கடை முழுக்கக் கேட்கும்படி. "என் மக கம்பஸ் நம்பர்" என்பார். இப்போது ஏன் தன்னை வாசிக்கவிடுவதில்லை என்று அண்ணனிடம் கேட்க அப்பாவுக்கு வெட்கம். அண்ணன் போட்ட சட்டம் அண்ணனின் சட்டம். அப்பாவிடம் நேரே நீ கேட்கவே இல்லை. உனக்கு நாலு வருசம் கிடைத்தது என்றே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

நாம் ஒளித்து ஒளித்துச் செய்ததால்தான் பிடிபட்டோம். இந்த முறை ஒளிக்கவேண்டாம். செவ்வாய்க்கிழமைகளில் அண்ணன் பல்லேகலப் பக்கத்து ஃபெக்டரி கன்டீன் ஒன்றுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போவார், இரவுதான் திரும்புவார். செப்டம்பர் 9ஆம் திகதி, திருத்த வாரமும் தொடங்கியிருக்கும். பாண் வரும் நேரத்துக்கு, ஆறு மணிபோல், கடைக்குப் போன் எடு. ஸ்பீக்கரில், எல்லாருக்கும் முன்னால் கேள். அப்பா எதற்கு என்று கேட்டால் பொய் சொல்லாதே.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இது சரிவரும்.

உன்
சுபா


விடுதி
2025 ஆகஸ்ட் 29

அன்புள்ள சுபாவுக்கு,

நலம்தானே? உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபமா, என்ன என்று தெரியவில்லை. விரலைப் பற்றிக் கேட்காதே என்றாய். கேட்கவில்லை. ஆனால் மறக்கமாட்டேன்.

நீ சொல்வதை யோசித்துப் பார்த்தேன். அப்பாவிடம் நான் நேரே கேட்கவில்லை என்பது உண்மை. அண்ணன் போனை வாங்கியதும் நான் அண்ணனோடுதான் சண்டை போட்டேன். அப்பா பக்கத்தில் நின்று என்ன கேட்டார், என்ன கேட்கவில்லை என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

9ஆம் திகதி எடுக்கிறேன். முதலில் கணினியில் இலக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன், அப்போதுதான் நேரம் போதும். அப்பா இல்லை என்றால் இல்லைதான். பொதுப் பட்டத்தை ஒழுங்காகப் படித்து முடிப்பேன், உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

ஒரு நிபந்தனை. அன்று நீ கல்லாப் பக்கம் நிற்காதே. அம்மாவோடு உள்ளே இரு. பழி உன்மேல் வரக்கூடாது.

அன்புடன்
அக்கா


அம்பிட்டிய
2025 செப்டம்பர் 9, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் குரலைப் பின்னேரம் கேட்டதால் சுகம் விசாரிக்கத் தேவையில்லை. போனுக்கு அந்தப் பக்கம் இருந்த உன்னால் பார்க்கமுடியாததை எல்லாம் எழுதுகிறேன்.

உன் நிபந்தனையை நான் காப்பாற்றவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன், பருப்புக் கட்டிக்கொண்டு. உள்ளே இருந்தால் செத்திருப்பேன்.

பாண் வந்து கடை நிறைய ஆட்கள். முதலில் மெசேஜ் விழுந்த சத்தம், அப்பா கவனிக்கவில்லை. உடனே உன் கோல். வழக்கம்போல ஸ்பீக்கர். நீ "அப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும், வாசிச்சுச் சொல்றீங்களா" என்றதும் சாஹுல் ஹமீது மாமா, "ஆ, வந்துட்டா கம்பஸ் புள்ள" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார், அண்ணன் வருகிறாரா என்று. "எதுக்கு புள்ள இந்த நேரத்துல?" என்றார்.

நீ சொன்னாய்: "அப்பா, எனக்கு நாலு வருசப் படிப்புக் கெடச்சிருக்கு. அண்ணன் மூணு வருசம்னு மாத்திப் போட்டுட்டாரு. நான் திருப்பிப் போடணும். அதுக்குத்தான்."

அப்பா துணியை எடுத்துக் கல்லாவைத் துடைத்தார். சுத்தமாக இருந்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அண்ணன் வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்று மெதுவாகச் சொன்னார். நீ "சரிப்பா" என்றாய். ஆனால் போனை வைக்கவில்லை. நீ வைத்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

மாமா பாணை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றவர் கேட்டார்: "நாலு வருசம் எண்டா லேசுல குடுக்கிறதா மொதலாளி? என்ட மூத்தவனுக்கு மூணுமே கெடைக்கல்ல."

"அது இல்ல பாய். மகன்தான் இதெல்லாம் பாக்குறது."

"மகன் பாக்கட்டும். நம்பர் ஒங்கட போனுக்குத்தானே வருது."

பின்னால் நின்ற ஒருவர், "கடைப் போர்டுலயும் அதே நம்பர்தானே போட்டிருக்கு, மொதலாளி பேருதானே போட்டிருக்கு" என்றார். அது கிண்டலா என்று எனக்குத் தெரியவில்லை. சிலர் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்துவிட்டது.

"சுபா, என் கண்ணாடி எங்க?" என்றார்.

கண்ணாடி கல்லா லாச்சிக்குள் இருந்தது. என் கை பருப்புத் தூசியாக இருந்தது, அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டு போனைத் தூரமாகப் பிடித்து, இரண்டு இரண்டாக வாசித்தார். முதலில் குரல் வரவில்லை. மூன்றாவது இரண்டில் பழைய குரல் வந்துவிட்டது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

நீ "கெடச்சிருச்சுப்பா" என்றாய். பிறகு "அப்பா, இனிமே நம்பர்" என்று ஏதோ தொடங்கினாய். அவர், "சரி சரி, ஆளுங்க நிக்கிறாங்க. நேரத்துக்குச் சாப்புடு" என்று வைத்துவிட்டார். நீ எதைச் சொல்லவந்தாய் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

அதுதான் இப்போது இருக்கும் விசயம்.

கடை பூட்டும் நேரத்தில் இன்னொரு மெசேஜ் வந்தது. அப்பா கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, ஆங்கிலம் என்பதால், "போன் கொம்பனிக்காரன் வேற" என்று வைத்துவிட்டார். சார்ஜுக்குப் போடச் சொல்லி என்னிடம் தந்தார். போன் என் கையில் இருந்தது. வாசித்தேன். இந்த நம்பர் உங்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது, இனி இந்த நம்பருக்கு எந்த இலக்கமும் அனுப்பப்படாது, இதை நீங்கள் செய்யவில்லை என்றால் உடனே அறிவிக்கவும் என்று இருந்தது. கீழே அழுத்துவதற்கு ஓர் இணைப்பும் இருந்தது.

அழிக்க ஒரு விரல் போதும். யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் இலக்கம் வராதபோது மாமா கேட்பார், அப்பா ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். ஏன் வரவில்லை என்று அவருக்கே தெரியாமல் இருக்கும். அண்ணனும் அப்படித்தானே, போனைக் கையில் எடுத்தார், அப்பாவுக்குத் தெரியாமல் முடித்தார். நான் அழிக்கவில்லை. சார்ஜில் போட்டுவிட்டு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ பயப்படாதே. செயலி உன் போனில் வந்துவிட்டது. அந்த இணைப்பை அழுத்தினாலும் அலுவலகத்தில் உன்னைத்தானே கூப்பிட்டுக் கேட்பார்கள். கடவுச்சொல்லையும் மாற்றியிருப்பாய். தெரிவையும் இன்றைக்கே மாற்றியிருப்பாய், திருத்தம் மூடும் வெள்ளிவரை வைத்திருக்கமாட்டாய். இது கிடைத்ததும் அப்பாவுக்குச் சும்மா ஒரு கோல் எடு, நம்பர் கேட்காமல். அவரோடு ஆறு இலக்கத்தை விட்டால் வேறு என்ன பேசுவாய் என்று இப்போதே யோசித்துவை. எனக்கு ஆற்றங்கரையைப் பற்றிச் சொன்னதையே அவருக்கும் சொல். கேட்பார். ஸ்பீக்கரில்தான் கேட்பார்.

அம்மா படுத்துவிட்டார். அண்ணன் இன்னும் வரவில்லை. முன்னறையில் அப்பா மட்டும் இருக்கிறார், அண்ணனுக்காகக் காத்துக்கொண்டு. போனைக் கையில் எடுத்துவிட்டார், அந்தச் சின்ன வெளிச்சம் கதவுக்குக் கீழே தெரிகிறது. அந்த மெசேஜில் உன் பல்கலைக்கழகத்தின் பெயர் மேலேயே இருக்கும். அதை அவர் எழுத்துக் கூட்டுவார், அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டவர்.

அண்ணன் வந்து வாசித்தால் என்ன சொல்வாரோ தெரியாது. "ஒங்கள வெட்டிவிட்டுட்டா பாருங்க" என்பார். அதனால் அதற்கு முன்னால் நான் வாசிக்கவேண்டும். ஒரு சொல்லும் மாற்றாமல் தமிழில் சொல்லப்போகிறேன். அக்காவுக்கு இனி அவளுடைய போனிலேயே இலக்கம் வரும், வயது வந்த பிள்ளைகளுக்கு அப்படித்தான், எனக்கும் ஒருநாள் அப்படித்தான் என்று சொல்வேன். அவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் தூங்கமுடியாது.

கதிரை இழுபடும் சத்தம். செருப்புச் சத்தம் இந்தப் பக்கம்தான் வருகிறது. விளக்கை அணைக்கமாட்டேன். அப்பா தட்டுகிறார்.

"சுபா, முழிச்சிருக்கியா? இதுல அக்காட கம்பஸ் பேரு போட்டு என்னமோ வந்திருக்கு."

கதவைத் திறக்கிறேன், வாசித்துக் காட்டப்போகிறேன்.